ஆமத்தூர்ப் பிள்ளையாரின் இரண்டாவது தும்பிக்கை

ஆமத்தூர்ப் பிள்ளையாருக்கு இரண்டாவது தும்பிக்கை முளைத்ததற்கு நான்தான் காரணம். கோயிலில் இருக்கும் கல் பிள்ளையாரைச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் பாட்டுக்கு இருக்கிறார். நான் சொல்வது, ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் ஒரே நேரத்தில் அவதாரம் எடுத்த காகிதப் பிள்ளையார்களை.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெயர் தனுஷ்கோடி. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். கணக்குப் புத்தகத்தின் கடைசியில் சமச்சீர் என்று ஒரு பாடம் இருந்தது. ஓர் உருவத்தை நடுவில் மடிக்கும்போது ஒரு பாதி மறு பாதியின் மேல் சரியாகப் பொருந்தினால் அது சமச்சீர் உருவம். இதை நான் வாசித்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு கொட்டாவி விட்டது. மறு பாதி அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது என்றாலும், எனக்கு ரோசம் வந்துவிட்டது. காகிதத்தில் செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் பஞ்சம் எல்லாம் தண்ணீருக்குத்தான், காகிதத்துக்கு இல்லை. திருத்தங்கலில் ஓர் அச்சாபீஸில் வெட்டிப் போட்ட தாள்களை ஒரு கட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மடிக்கச் சொன்னேன். அங்கேயே என் மானம் போயிற்று. அந்தப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். நகத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் தாள் தன் தலைவிதியை ஏற்றுக்கொண்டு மடங்கும். நான் மடித்தால் தாள் யோசிக்கும்.

குடம் வெட்டினோம், வந்தது. அரச இலை வந்தது. வண்ணத்துப்பூச்சி வந்தபோது வகுப்பே கைதட்டியது. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"பாதியை நீங்க வெட்டுங்க, மீதியைத் தாள் பாத்துக்கிடும்" என்றேன்.

முன் வரிசையில் முத்துப்பேச்சி எழுந்தாள். நான் கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டால் என் மரியாதை கெடாமல் இருமிக் காட்டுகிற பெண் அவள். "எதை வேணும்னாலுமா சார்?"

"எதை வேணும்னாலும்."

"பிள்ளையாரு?"

"பிள்ளையார் என்னம்மா, அவுக அப்பா அம்மாவையே வெட்டலாம்."

அவள் இருமினாள். நான் கவனிக்கவில்லை.

கரும்பலகையில் பாதிப் பிள்ளையாரை வரைந்தேன். பாதிக் கிரீடம், ஒரு கண், ஒரு காது, அழகாக வெளிப்பக்கம் வளைந்து போகும் ஒரு தும்பிக்கை, பாதித் தொந்தி, ஒரு கால். காலடியில் உற்சாகத்தில் ஓர் எலி வேறு. எல்லாரும் வெட்டி முடிக்கும்வரை யாரும் விரிக்கக்கூடாது என்று கட்டளை. பிறகு ராணுவ அதிகாரி மாதிரி நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, விரி!" என்றேன்.

விரித்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார்கள்.

"சார், எனக்கு ரெண்டு இருக்கு" என்றான் ஒருவன்.

"எனக்கும் ரெண்டுலே."

"ஏலே, எலியும் ரெண்டுலே! ஆளுக்கு ஒரு பக்கமா ஓடப் பாக்குதுலே!"

புத்தியுள்ள வாத்தியார் எல்லாவற்றையும் வாங்கிக் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பான். ஆனால் எத்தனை தும்பிக்கை இருந்தாலும் பிள்ளையார் பிள்ளையார்தானே. கிழிக்க முடியாது. குப்பையில் போட முடியாது. அடுப்பில் வைக்கச் சொன்னாலே நாக்கு வெந்துவிடும். கிணற்றில் போடலாம் என்றால் குடிதண்ணீர்க் கிணறு. தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் ஒரு பிள்ளையாரை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார், பொடி போட்டார், தும்மினார், "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு விடுகிற மணியை அடித்துவிட்டார்.

பிள்ளைகள் ஆளுக்கொரு பிள்ளையாரோடு வீட்டுக்குப் போனார்கள். தீப்பெட்டி ஒட்டுகிற ஊரில் பசைக்கா குறைச்சல்? விளக்கு வைப்பதற்குள் தெருவெங்கும் கதவுகளில் இரட்டைத் தும்பிக்கைப் பிள்ளையார் குடியேறிவிட்டார்.

அன்று ராத்திரி மழை பெய்தது. மாசி மாதத்தில், யாரும் கேட்காத மழை.

மறுநாள் முத்துப்பேச்சி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். ஊர்க் கடைசியில் வீடு, பக்கத்தில் களம். அவள் அப்பா கருத்தப்பாண்டி கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். களத்தில் சாக்குகளைச் சேர்த்துத் தைத்த பெரிய படுதா ஒன்றில் மிளகாய் வற்றல் பரந்து கிடந்தது. முத்துப்பேச்சியும் அவள் அம்மா பஞ்சம்மாளும் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வற்றல் வலப்பக்கம், மழையில் நனைந்து வெளுத்தது இடப்பக்கம்.

"வாங்க வாத்தியாரய்யா, உக்காருங்க. மோர் குடிக்கிறீகளா?"

நான் தும்மிக்கொண்டே உட்கார்ந்தேன். வற்றல் நெடி. "பிள்ளையை ஏன் அனுப்பலை அண்ணாச்சி?"

கதவைக் காட்டினார். முத்துப்பேச்சி வெட்டிய பிள்ளையார். மற்றவர்கள் வெட்டியதெல்லாம் ஏதோ ஒரு யானை. இவளுடையது மட்டும் நிஜமாகவே பிள்ளையார் மாதிரி, இரண்டு தும்பிக்கையோடும் சிரித்தபடி இருந்தது.

"ஒட்டின அன்னைக்கே மழை. பருத்தி வாடிக் கெடந்துச்சு, பொழைச்சுக்கிடுச்சு. களத்துல வத்தல் காஞ்சு கெடந்துச்சு, நனைஞ்சுபோச்சு. ஒரு தும்பிக்கை குடுத்துச்சு, இன்னொண்ணு எடுத்துக்கிடுச்சு. இது நல்லதா, கெட்டதா? படிச்சவுக நீங்க சொல்லுங்க."

"அண்ணாச்சி, அது தப்புங்க. நான் கோடு போட்டது தப்பு..."

"ஐயோ, சாமி உருவத்தைத் தப்புங்காதீக!" கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் சேர்த்து இரண்டு போட்டார், அவர் கன்னத்திலேயே. "அவ கை வெட்டினது. நல்லதுன்னா படிக்கட்டும். கெட்டதுன்னா வேண்டாம். எதுன்னு தெரியிற மட்டும் வீட்டுல இருக்கட்டும்."

பங்குனியில் முழுப் பரீட்சை. அதை எழுதாவிட்டால் ஆறாம் வகுப்பு கிடையாது. ஆறாம் வகுப்பு திருத்தங்கலில். பஸ்ஸில் போக வேண்டும். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பெண்ணை அதற்கப்புறம் யாரும் பஸ் ஏற்றி விட மாட்டார்கள். தீப்பெட்டிக் கட்டு எண்ணும்போது மட்டும் அவளுடைய கணக்கு ஊருக்கு உபயோகப்படும்.

"அனுப்புவீகளா, மாட்டீகளா? அதைச் சொல்லுங்க."

"அனுப்பணும்னும் இருக்கு. அனுப்பக்கூடாதுன்னும் இருக்கு."

"எது கூட இருக்கு?"

கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

என் உத்தியோக வாழ்க்கையில் சமச்சீரை முழுதாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான்.

பஞ்சம்மாளிடம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லுங்கக்கா."

"அவுகளைக் கேளுங்க" என்றார், வற்றலிலிருந்து தலை எடுக்காமல்.

"அவளைக் கேளுங்க" என்றார் கருத்தப்பாண்டி, மகளைக் காட்டி.

முத்துப்பேச்சியைப் பார்த்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கதவைப் பார்த்தார். பிள்ளையார் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.

அதிலிருந்து தினமும் போக ஆரம்பித்தேன். போவேன், மோர் குடிப்பேன், தும்முவேன், அதே கேள்வியைக் கேட்பேன், அதே பதிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று ஒருநாள் வற்றலைக் கிளறிவிட்டுக் கண்ணைக் கசக்கிவிட்டேன். பஞ்சம்மாள் பிரிக்கிற வேலையைப் போட்டுவிட்டு எனக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. இன்னொருநாள் நல்ல வற்றல் மேலேயே நடந்தேன்.

இப்படி இருக்கையில் பள்ளிக்கூடத்துச் செயலர் கனகசபாபதி முதலாளி ஊருக்குள் வந்தார். விருதுநகரில் வற்றல் மண்டி, திருத்தங்கல் பக்கம் பட்டாசுக் கம்பெனி. காரிலிருந்து இறங்கித் தெருவில் இரண்டு பக்கமும் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இது யாரு வேலை தம்பி?"

"என் வேலைதான் மொதலாளி." வேலை என்று சொல்லும்போதே அது இனி இருக்காது என்று தோன்றியது.

"காருல ஏறு."

ஏறினேன். அவர் திட்டவில்லை. கண் கலங்கியிருந்தார். விஷயம் இதுதான். அவருடைய வெடிக்குப் பிள்ளையார் லேபிள். வேறொரு கம்பெனிக்கும் பிள்ளையார் லேபிள். அவர்கள் முந்தியவர்கள், கேஸ் போட்டுவிட்டார்கள். லேபிளில் வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று தீர்ப்பு. முதலாளி, பிள்ளையார் கையில் இருந்த கொழுக்கட்டையை லட்டாக மாற்றிப் பார்த்தார். கோர்ட்டு ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு தும்பிக்கைன்னா எவன் கேஸ் போடுவான்? கண்ணு தெரியாதவன்கூடத் தடவிப் பாத்துச் சொல்லிருவான்லே! இம்புட்டு நாளா ஒரு பயலுக்கும் தோணலையே! இதுல ரொம்ப நல்லா வந்தது எது?"

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. "கருத்தப்பாண்டி வீட்டுக் கதவுல இருக்கு மொதலாளி. ஆனா அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை பேசணும்."

"பேசிருவோம்."

கருத்தப்பாண்டி வருஷாவருஷம் வற்றல் போடுவது அவர் மண்டிக்குத்தான். எனவே இருவரும் எப்போதும் பேசுகிற மாதிரியே பேசினார்கள். அதாவது, கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்தார். இருவர் வலக்கையும் துண்டுக்குள் போயின.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல், எந்தக் கணு என்பதில் விலை இருக்கிறது. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் மண்டிக்காரர் மகன்தான். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அப்பா சொல்லிக்கொடுக்கத்தான் பார்த்தார். ஆனால் எனக்கு உள்ளங்கையில் கூச்சம். சுண்டுவிரலைத் தொட்டால் கெக்கெக்கே என்று சிரித்துவிடுவேன். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரிய வியாபாரி, தன் விலையைக் கேட்டுப் பையன் சிரிக்கிறான் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குத்தான் அப்பா என்னை வாத்தியார் வேலைக்குப் படிக்க வைப்பது என்று தீர்மானித்தார்.

"பஸ்ஸெல்லாம் ஒழுங்கா வருதா?" என்றார் முதலாளி. துண்டு லேசாக அசைந்தது.

"எங்க? காலையில ஒண்ணு வருது. சாயந்திரம் வந்தாத்தான் நிச்சயம்." துண்டு பலமாக அசைந்தது.

"வெயில் ஏறிருச்சு."

"ஆமா, மாசியிலேயே."

நான் குனிந்து முதலாளி காதில் சொன்னேன், "படிப்பையும் பேசுங்க."

"பேசிக்கிட்டுத்தானப்பா இருக்கேன்!"

ஆறாம் வகுப்புக்கு எந்த விரலாக இருக்கும்? முழுப் பரீட்சைக்கு எந்தக் கணு? நான் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கருத்தப்பாண்டி முகம் சுளித்தது. சரி, போச்சு என்று நினைத்தேன். உடனே முகம் மலர்ந்தது. முத்துப்பேச்சி டாக்டரே ஆகிவிட்டாள் என்று நினைத்தேன்.

துண்டை எடுத்து உதறினார்கள். இருவரும் சிரித்தார்கள்.

"என்ன முடிவாச்சு?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு."

"என்னன்னு முடிஞ்சிருச்சு?"

"அதான் முடிஞ்சிருச்சுங்கிறேன்ல."

"பிள்ளை வருமா, வராதா?"

முதலாளி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொல்லுற வழக்கம் உண்டா தம்பி? மண்டிக்காரரு மகன் கேக்கிற கேள்வியா இது?"

கருத்தப்பாண்டியும் ஆமாம் என்று தலையாட்டினார். பிள்ளையாரை ஈரத்துணி வைத்து ஒற்றி, நோகாமல் உரித்து எடுத்தார்கள். பிள்ளையார் காரின் முன் சீட்டில் போனார். நான் பஸ்ஸுக்கு நின்றேன்.

நல்ல முடிவாகத்தான் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டு, மறுநாள் முன் வரிசையில் அவள் இடத்தைத் துடைத்துக்கூட வைத்தேன். அவள் வரவில்லை. லேபிள் அச்சாகி வந்ததும் வருவாளாக இருக்கும், பேச்சு அப்படியாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

லேபிள் அச்சாகி வந்தது. அச்சாபீஸில் படம் போடுகிறவர் கவனமான மனிதர். கம்பெனிக்காரர்கள் கொடுக்கிற படங்களில் ஒரு மயில் காலில்லாமல் வந்தாலும் கேட்காமலே கால் போட்டுக் கொடுப்பவர். இரண்டு தும்பிக்கையைப் பார்த்ததும் பதறிப்போய், முதலாளி எத்தனையோ வேலைக்கு நடுவில் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று ஒன்றை எடுத்துவிட்டார். ஓர் எலியையும் எடுத்தார். கை வெறுமையாக இருக்கிறதே என்று ஒரு கொழுக்கட்டையும் வைத்தார். லோடு முழுக்க அடித்து அனுப்பிவிட்டு, "ஒரு பிழை இருந்துச்சு மொதலாளி, நாங்களே சரிபண்ணிட்டோம்" என்று ஆள் விட்டும் சொன்னார். கோர்ட்டு எந்த லேபிளைப் போடாதே என்றதோ, அச்சு அசலாக அதே லேபிள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் சங்காத்தமே வேண்டாம். ஒழுங்கா கூட்டல் கழித்தலோட நிப்பாட்டிக்கோ."

"சரி மொதலாளி. அப்ப கருத்தப்பாண்டிகிட்டத் துண்டுக்குள்ள பேசினது?"

"அந்தப் பேச்சு போச்சு."

"எந்தப் பேச்சு மொதலாளி?"

"அதான் போச்சுன்னேன்ல!"

என்னவென்றே தெரியாத ஒன்றைத் தொலைத்துவிட்டு வெளியே வந்தேன். பரீட்சை நெருங்கிவிட்டது. பெயர் அனுப்ப வேண்டும். தலைமையாசிரியரிடம், முத்துப்பேச்சி பெயரைச் சேர்க்கலாமா என்றேன். பொடி போட்டார்.

சனிக்கிழமை, இன்னும் ஒரு தடவை கேட்டுவிடுவது என்று ஆமத்தூரில் இறங்கினேன். கருத்தப்பாண்டி அதே கட்டிலில், அதே கதவைப் பார்த்தபடி. பிள்ளையார் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது.

"இருக்கும்போது நல்லதா கெட்டதான்னு தெரியலை" என்றார். "இப்பப் போனது நல்லதா கெட்டதான்னு தெரியலை. மொதல்ல ஒரு சந்தேகம். இப்ப ரெண்டு."

"அண்ணாச்சி, இதுல நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. வெறும் மடிப்புதான். நடுவுல மடிச்சா இந்தப் பாதி அந்தப் பாதி மேல உக்காரும். அம்புட்டுத்தான். தும்பிக்கை குடுக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல."

"தாளுல சரி. சாமி விஷயம் வேறல்ல?"

"எதுலயும் இதுதான். இருங்க, காட்டுறேன்."

பையில் தாள் இல்லை. சுற்றிலும் பார்த்தேன். ஒரு வேகம் வந்துவிட்டால் எனக்குக் கண் தெரியாது. மடிக்கிற மாதிரிப் பெரிதாக ஒன்றுதான் தெரிந்தது, களத்துப் படுதா. போய் இரண்டு முனையையும் பிடித்தேன்.

"சார்!" என்றாள் முத்துப்பேச்சி.

"பொறும்மா, அப்பாவுக்குப் பாடம் நடக்குது" என்று ஓடினேன். படுதாவின் இடப் பாதி வலப் பாதியின் மேல் வந்து, ஓரத்தோடு ஓரம், மூலையோடு மூலை, தையலோடு தையலாகப் பொருந்தி உட்கார்ந்தது. என் வாழ்நாளில் நான் ஒழுங்காக மடித்த ஒரே மடிப்பு அதுதான்.

"பாத்தீகளா? இப்ப எது நல்ல பாதி, எது கெட்ட பாதி? ரெண்டும் ஒண்ணு!" என்று சொல்லி வெற்றியோடு விரித்தேன்.

அத்தனை நாளாக அம்மாவும் மகளும் முதுகு ஒடியப் பிரித்து வைத்த வற்றல். சிவப்பில் வெளுத்ததும், வெளுத்ததில் சிவப்பும், களம் முழுக்க ஒரே கலவையாகக் கிடந்தது.

கருத்தப்பாண்டி எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "ஆமா, வாத்தியாரய்யா சொல்றது சரிதான். இப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

முத்துப்பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் தோள் குலுங்கியது. பிறகு பொத்தியும் பயனில்லை, சத்தமாகவே சிரித்தாள். நான் தும்மினேன். பஞ்சம்மாள் மெதுவாக எழுந்தார். கையை உதறினார், கொண்டையை அவிழ்த்து இறுக்கி முடிந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஓடலாம் என்றால் இரண்டு பக்கமும் வற்றல். பயத்தில் வேறு வார்த்தை வராமல், தினமும் கேட்டுப் பழகிய வாய் அதையே கேட்டது.

"அக்கா, பிள்ளையை அனுப்புவீகளா, மாட்டீகளா?"

பஞ்சம்மாள் கணவரைப் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அனுப்புறேன். திங்கக்கிழமை மொத மணி அடிக்கையில அவ அங்கன இருப்பா. பரீட்சை எழுதுவா. பாஸாயி ஆறாங்கிளாஸுக்குத் திருத்தங்கலுக்கும் போவா, அவளை நானே பஸ் ஏத்தி விடுவேன். அவ இங்கன இருக்கிறதாலதான அய்யா, நீங்க இங்கன வாறீக!"